வில்லங்கம் கேட்ட கொய்யா மரம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடுகிற அத்தனை மோட்டார் சைக்கிளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தாலும் எனக்கு வராத தலைவலியை ஒரே ஓர் ஆள் கொடுத்தார். அவர் பெயர் வில்லங்கம். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்திருக்கும். எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

வில் செய்ததால் வந்த பெயர் என்று நினைக்காதீர்கள். பெயர்தான் முதலில் வந்தது. குப்பை லோரி தாமதமாக வந்தால் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்காருவார். கல்யாணப் பந்தியில் சாம்பாரில் முருங்கைக்காய் இல்லையென்றால் எழுந்து நின்று மாப்பிள்ளையிடமே கேட்பார். வில் பிறகு வந்தது. கடவுளுக்கும் குசும்பு உண்டு.

ஷா ஆலமில் நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதைப் பற்றிப் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நான் தொட்டது மரமே இல்ல தங்கச்சி. மரத்தூளு. பசை போட்டு அமுக்கி, மேல மரம் மாதிரி படம் ஒட்டி வித்தோம். செத்தா எமன் கேப்பான்லா, முப்பது வருசமா என்னடா செஞ்சேன்னு. என்னா சொல்றது? ஸ்டிக்கர் ஒட்டுனேன்னா?"

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் நாள் தவறாமல் போகிற ஒரே இடம் எங்கள் தாமான் அம்மன் கோயில். சண்டை போடவும் அதுதான் இடம், சாப்பிடவும் அதுதான் இடம்.

விஜயதசமி அன்று அங்கே அம்மன் சார்பில் குருக்கள் வாழைமரத்தின் மேல் அம்பு விடுவார். ஒரு வருடம் கோயில் தலைவர் புதிதாக ஒரு வில் வாங்கி வந்தார். பிளாஸ்டிக். பித்தானை அழுத்தினால் சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரியும், 'டிங்' என்று சத்தம் வரும். வில்லங்கம் கூட்டத்தின் நடுவில் எழுந்தார்.

"தலைவரே, அம்மன் என்னா பர்த்டே பார்ட்டிக்கா வந்திருக்கா?"

தலைவருக்கு ஏர்கான் பழுது பார்க்கும் தொழில். சூடாக மாட்டார், குளிர்ச்சியாகவே குத்துவார். "புடிக்கலன்னா நீங்க செஞ்சி கொண்டாங்கலா அங்கிள். ஒங்களுக்குத்தான் மரத்தப் பத்தி எல்லாம் தெரியுமே. ஸ்டிக்கரு ஒட்டிக் கொண்டாங்க."

கூட்டம் சிரித்தது. குருக்கள் மட்டும் சிரிக்கவில்லை. வில்லங்கம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்: "அடுத்த விஜயதசமிக்கு மர வில்லு வரும். அது வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். வில்லு ஒடஞ்சா எப்பவுமே மிதிக்க மாட்டேன்."

எனக்கு என்ன போயிற்று என்று நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு என்ன போயிற்று என்பது அடுத்த வாரம் தெரிந்தது.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்துகிறேன். இடைவேளை நேரத்தில் போன் வந்தது. ஒரு கையில் மீ நூடுல்ஸ் கிளறுகிற கரண்டி, எதிரில் நூறு பிள்ளைகள்.

"தங்கச்சி, ஒங்க வீட்டு கொய்யா மரம் வேணும். எடுத்துக்கவா?"

"எடுத்துக்குங்கண்ணே லா, பிள்ளைங்க வரிசையில நிக்குது!"

ஒரு கட்டை, ஒரு கிளை என்று நினைத்துவிட்டேன். நம் தமிழ் செய்கிற வேலை அது. நிற்பதும் மரம், அறுத்ததும் மரம்.

மதியம் வீட்டுக்கு வந்தால், மரம் இருந்த இடத்தில் வானம் இருந்தது. அடிக்கட்டையின் மேல் வில்லங்கம் உட்கார்ந்து கொய்யா தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கை ரம்பம். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

"என்னாண்ணே இது!"

"நீங்கதான எடுத்துக்கச் சொன்னீங்க."

"கட்டன்னு நெனச்சேன்! மொத்த மரத்தையும் சாச்சிருக்கீங்க!"

"கட்டைய நான் கேக்கவே இல்லியே. மரம்னுதான கேட்டேன்."

"மரம்னா கட்டன்னும்தான் அர்த்தம்!"

"அப்ப நீங்க 'கட்ட மட்டும் எடுத்துக்குங்க'ன்னு சொல்லியிருக்கணும்லா. ஏன் சத்தம் போடுறீங்க? மரத்தத்தான் எடுத்தேன், வேர எடுக்கலியே. மறுபடி வரும்."

கையில் இருந்த காய்கறிக் கூடையை வீசினேன். தலையைக் குனிந்துகொண்டார். பழக்கம்.

அந்த மரம் எங்கள் வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, வெயில் தேடி நெட்டுக்குத்தலாக வளர்ந்தது. தலை உயரத்துக்கு ஒரு கிளை கிடையாது. அதைத்தான் இந்த ஆள் ஒரு வாரமாக நோட்டம் விட்டிருக்கிறார். அதில் காய்த்ததை நறுக்கி, புளிப்பும் உப்புமான ஆசாம்போய் தூள் தூவி, கேண்டீனில் வைப்பேன். முதலில் தீர்வது அதுதான். அதன் பிறகு ஒரு வருடம் முழுக்க, "ஆன்டி, கொய்யா எங்க?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். "வில்லங்கம் தின்னுட்டாரு" என்று சொன்னேன். பொய் இல்லை.

இத்தோடு விட்டாரா? மரத்தை நீளவாக்கில் நான்காகப் பிளந்தார். முனைகளில் மெழுகு பூசினார். அப்புறம் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்.

"எங்க வீட்டுல வெயிலு நேரா அடிக்கிது தங்கச்சி. காயிறப்ப வெடிச்சிரும். ஒங்க பின்னடுக்கள நல்ல நெழலு."

என் மரத்தை வெட்டி, என் வீட்டிலேயே காய வைக்கக் கேட்கிறார். ஏன் ஒத்துக்கொண்டேன் என்று எல்லாரும் கேட்டார்கள். என் மரம் என் வீட்டில் கிடக்கட்டும் என்றுதான். வேறொன்றும் இல்லை.

பல மாதம் சமைக்கும்போதெல்லாம் நான்கு கட்டைகளும் என் தலைக்கு மேல் பரணில் கிடந்தன. ஒன்று தானாகவே வெடித்தது. இன்னொன்றைப் பாராங் கத்தியால் செதுக்கும்போது ஒரு வெட்டு ஆழமாகப் போய், அது விறகாயிற்று. மூன்றாவது வில் உருவத்துக்கு வந்தது. என்னைக் கேட்காமலே என் அடுக்களைச் சுவரில் ஆணி அடித்து, அதை மாட்டி, கயிறு கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பார். பின்னால் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

"வில்லுக்கு ரெண்டு கையும் ஒண்ணா வளையணும். எடது கை சோம்பேறி. பாருங்க, வளையவே மாட்டேங்குது."

பிறகு என் கிச்சாப் போத்தலை உடைத்த கண்ணாடிச் சில்லால் சோம்பேறிக் கையைச் சுரண்டுவார். போத்தலில் பாதி சோயா சாஸ் இருந்தது.

என் சம்பந்தி வீட்டார் முதல் முறையாக வந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வில் உடைந்தது. பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். ஒரு துண்டு ரசப் பானைக்குள். சம்பந்தியம்மா மேசைக்கு அடியில். நான் கரண்டியோடு ஓடினேன், கொல்வதற்குத்தான். வில்லங்கம் தரையில் உட்கார்ந்து உடைந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கணு தங்கச்சி. சின்ன வயசுல இங்க ஒரு கெள வரப் பாத்திருக்கு. உள்ளுக்குள்ள இருந்திருக்கு, எனக்குத் தெரியல. கணு இருந்தா வில்லுக்கு ஆகாது."

இரண்டு நாள் ஆள் பேசவில்லை. கத்துகிற வில்லங்கத்தைத் தாங்கலாம், கத்தாத வில்லங்கத்தைத் தாங்க முடியாது. மூன்றாம் நாள் நானே நான்காவது கட்டையை இறக்கி அவர் வீட்டு வாசலில் போட்டேன். "இடத்த அடைக்குது, எடுத்துத் தொலைங்க" என்றேன்.

அது வில்லானதும், நாண் வாங்கக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போனார். மிருதங்கத்துக்குக் கட்டுகிற தோல் வார்தான் வேண்டுமாம். ஆள் உயரத்துக்கு இருந்த வில்லைக் கூடவே ரயிலில் கொண்டு போயிருக்கிறார். காவலர் வழிமறித்து, "இனி ஆப்பா, பாக்சிக்?" என்று கேட்டாராம். இது என்ன பெரியவரே என்று. இவர் கொஞ்சமும் யோசிக்காமல், "அனாக் சாயா" என்றிருக்கிறார். என் பிள்ளை. காவலர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாராம். "பிள்ளைக்கும் டிக்கெட்டு எடுக்கச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

விஜயதசமி வந்தது. ஒரு வருடம் கழித்து வில்லங்கம் அந்த வாசலுக்கு வந்தார். படியேறாமல் வெளியே நின்று வில்லைக் கொடுத்தனுப்பினார். குருக்கள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்பைத் தொடுத்து இழுத்தார். ஒரு சாண் கூட வரவில்லை. பிளாஸ்டிக் இழுத்துப் பழகிய கை. தலைவர் முன்னால் வந்தார்.

"இதுக்குத்தான் சொன்னேன். வெறகு கட்டைய கொண்டாந்து குடுத்தா எப்படிலா?"

பக்கத்திலேயே தயாராக வைத்திருந்த பிளாஸ்டிக் வில்லை எடுத்துப் பித்தானை அழுத்தினார். டிங். கூட்டம் மறுபடி சிரித்தது. வெளியே நின்ற வில்லங்கம் செருப்பைப் பார்த்தார்.

நான் அங்கே கத்தியதை முழுதாக அச்சில் போட முடியாது. போடக்கூடியது இதுதான்: "வெறகா? அது என் மரம்! என் பிள்ளைங்க ஒரு வருசம் கொய்யா திங்காம இருந்துச்சுங்க! செஞ்சவரு கையில குடுங்க, இழுக்கட்டும்! எவன் சிரிக்கிறான்னு நானும் பாக்குறேன்!"

யாரும் சிரிக்கவில்லை. குருக்கள் தானே வாசல் வரை நடந்து போய், "உள்ள வாங்க. நீங்களே விடுங்க" என்று வில்லை நீட்டினார்.

வில்லங்கம் படியேறினார். இழுத்தார். வில்லின் இரண்டு கையும் ஒன்றாக வளைந்தன, இதில் சோம்பேறிக் கை இல்லை. நான் காதைப் பொத்திக்கொண்டேன், உடைகிற சத்தம் கேட்கக்கூடாது என்று. உடையவில்லை. அம்பு வாழைமரத்தின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு பின்னால் தொங்கிய வரவேற்புப் பேனருக்குப் போய், கைகூப்பி நின்ற தலைவர் படத்தின் மீசையில் குத்தி நின்றது.

"இது வேணும்னே செஞ்சது!" என்று தலைவர் குதித்தார்.

"வாழையில பட்டுச்சா, இல்லியா?" என்றார் வில்லங்கம்.

"பட்டது, பட்டது" என்றார் குருக்கள். நாதஸ்வரம் தொடங்கிவிட்டது.

வில் இப்போது கோயிலில் அம்மன் பக்கத்தில் தொங்குகிறது. வில்லங்கம் இங்கே இல்லை. அவர் மகள் வந்து ஜொகூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது என் வீட்டுச் சுவரில் அடித்த ஆணியைக்கூடப் பிடுங்கவில்லை. குப்பை லோரி இஷ்டப்பட்ட நேரத்துக்கு வருகிறது. கேட்க ஆள் இல்லை.

வாரம் ஒரு முறை போன் செய்கிறார். சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி, ஒன்றும் கிடையாது. "தங்கச்சி, மரம் எப்படி?" அவ்வளவுதான்.

"காஞ்சி போச்சி! நல்லா இருங்க!" என்று கத்திவிட்டு வைத்துவிடுவேன்.

காயவில்லை. அடிக்கட்டையிலிருந்து நான்கு துளிர் கிளம்பி என் தலைக்கு மேல் போய்விட்டன. மூன்றைக் காய்க்க விட்டிருக்கிறேன். சுவரோரமாக நிற்கிற ஒன்று மட்டும் நேராகப் போகிறது. அதில் பக்கக் கிளை எட்டிப் பார்த்தால், காலையில் கேண்டீனுக்குக் கிளம்பும் முன் கிள்ளிப் போட்டுவிடுகிறேன். கணு விழுந்தால் வில்லுக்கு ஆகாது.