காலாவதியானவர்

பாஸ்போர்ட்டின் நாலாம் பக்கத்தை யோகநாதன் மூன்றாவது தடவையாகப் படித்தார். மூன்று தடவையும் அது ஒரே திகதியையே சொல்லியது: 1939 ஜூன் 12.

கப்பல் மே 28. பினாங்குக்குப் போய்ச் சேர ஐந்து நாள். ஈப்போவில் மகள் பத்மாவதிக்கு ஜூன் கடைசியில் பிள்ளைப்பேறு. பேரப்பிள்ளை உலகத்துக்கு வருமுன்னரே பாட்டனாரின் பாஸ்போர்ட் உலகத்தை விட்டுப் போய்விடும். திரும்பி வரும் நாள்வரை செல்லாத பாஸ்போர்ட்டோடு எவரையும் ஏற்றுவதில்லை என்று கோட்டையில் ஒரு கப்பல் கம்பனிக் கிளாக்கர் முதல் நாள்தான் சொல்லியிருந்தார்.

மகளைக் கட்டிக்கொடுத்து மலாயாவுக்குக் கூட்டிப் போனபோது எடுத்த பாஸ்போர்ட் அது. உள்ளே அவர் படம். பக்கத்தில் மனைவி நாகேஸ்வரியின் படம். புருஷனுடைய பாஸ்போர்ட்டிலேயே அவளும் அடக்கம். அவர் போகாவிட்டால் அவளும் வெள்ளவத்தையை விட்டு அசைய முடியாது. கப்பலில் இடம் பிடிக்கிற பொறுப்பை மட்டும் அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்துமூன்று வருடம் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்து தலைமைக் கிளாக்கரானவர் யோகநாதன். ஒரு திகதி பிழைத்தாலும் மற்றவர்களுடைய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறவர். இந்தத் திகதி விஷயம் வீட்டில் தெரிந்தால் சீவிய காலத்துக்கும் தலைநிமிர முடியாது.

"இஞ்சருங்கோ," நாகேஸ்வரி குசினியிலிருந்து வந்தாள். "ஈப்போப் பயணத்தைப் பற்றி ஒரு விசயம் கதைக்கோணும்."

பாஸ்போர்ட் பேப்பருக்கடியில் மறைந்தது.

"பிறகு கதைப்பம். எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை."

"ஓம். அதுதான் ரயில் குறைவு," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

கொட்டாஞ்சேனையில் மக்கீனுடைய போட்டோ ஸ்டூடியோ ஞாயிறும் திறந்திருக்கும். இருபது வருடச் சிநேகிதர். பாஸ்போர்ட்டை வாங்கிப் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நான்தான்."

"அல்லாவே!"

படத்திலிருந்தவருக்குக் கொழுத்த கன்னம், தலைப்பாகை, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. இடையில் வந்த நெருப்புக்காய்ச்சல் சதையையும் தலைமயிரையும் கொண்டுபோயிருந்தது. மீசையை அவரே வழித்துவிட்டார்.

"ரினியூ பண்றது ஒரு முத்திரை வேலைதான்," என்றார் மக்கீன். "ஆனா படத்தில ஈக்கிற ஆள் நீங்க இல்லேன்னு சொல்லிட்டா கரச்சல். படத்தில எப்படி ஈக்கிறீங்களோ, அப்படியே போங்க."

"மீசைக்கு எங்கை போறது?"

மக்கீன் அலுமாரியைத் திறந்தார். நாடகக்காரர் படம் எடுக்க வந்தால் கொடுக்கிற மீசைகள் ஏழு இருந்தன. இரணியனுக்கு வைத்திருந்தது அச்சாகப் பொருந்தியது.

மறுநாள் காலை மக்கீனே பசை போட்டு ஒட்டி, தலைப்பாகையும் கட்டிவிட்டார். கன்னத்துக்கு இரண்டு பாக்கு. டிராமில் கோட்டைக்கு வருமட்டும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பாஸ்போர்ட் கந்தோர் வரிசையில் நின்ற ஒரு மணி நேரத்தில் கொழும்பு வெயில் பசையைப் பதம் பார்த்தது.

கவுண்டரில் ஹியூபேட் என்ற பறங்கிக் கிளாக்கர் பாஸ்போர்ட்டை விரித்து, "இந்த இடத்தில் ஒரு கையெழுத்து, மிஸ்டர் யோகநாதன்," என்றார்.

யோகநாதன் குனிந்தார். வலப்பக்க மீசை மட்டும் குனிந்தபடியே போய்ப் பாஸ்போர்ட்டில் விழுந்தது. பதறிப்போய் யாரும் காணாமல் புத்தகத்தைப் படாரென்று மூடினார்.

ஹியூபேட் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். நாலாம் பக்கமும் ஐந்தாம் பக்கமும் மீசையோடு சேர்ந்து கிழிந்து வந்தன.

"இது உங்கடையா, கவண்மெண்டின்டையா?" ஹியூபேட் இரண்டு விரலால் மீசையைத் தூக்கிக் காட்டினார். வரிசையே சிரித்தது.

யோகநாதனால் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் பாக்கு.

"இனி ரினியூ பண்ண ஏலாது, சேர். புதுசுதான் எடுக்கோணும். விண்ணப்பப் போம் நிரப்பி, மீசையில்லாத படம் ரெண்டு ஒட்டி, ஒரு ஜே.பி.யிட்டைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ."

மக்கீன் அவரைப் படம் எடுத்து, நாகேஸ்வரியின் பழைய படத்துக்கும் பிரதி போட்டுக் கொடுத்தார். கையெழுத்து ஒரு பிரச்சினையாகவே யோகநாதனுக்குத் தெரியவில்லை. வெள்ளவத்தையில் நாலு வீடு தள்ளி, வக்கீல் தொழில் பார்க்கும் பிரக்கிராசி இராசரத்தினம் இருக்கிறார். அவர் ஒரு ஜே.பி., சமாதான நீதவான். யாழ்ப்பாணத்தில் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

இராசரத்தினம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விண்ணப்பத்தைப் படித்தார்.

"யோகு, பிறந்த வருசம் எண்பத்தேழு எண்டு போட்டிருக்கிறாய்?"

"ஓம்."

"நான் பிறந்தது எண்பத்துநாலு. நீ என்னிலும் ரெண்டு மாசம் மூப்பு."

யோகநாதன் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேலைக்குச் சேரேக்கை வயசு கொஞ்சம் கூடிப்போச்சு. அப்பா மூண்டு வருசத்தைக் குறைச்சுப் போட்டிட்டார். பழைய பாஸ்போட்டிலையும் அப்பிடித்தான் கிடக்கு."

"நான் ஜே.பி. பொய்க்குக் கையெழுத்து வைக்கமாட்டன். சரியான வருசத்தைப் போடு, இப்பவே வைக்கிறன்."

"வேறை ஜே.பி.யிட்டைப் போறன்."

"போ. அந்தாள் என்னட்டைத்தான் விசாரிப்பான்."

கப்பலுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. பாஸ்போர்ட் கந்தோர் வேறு, தன்னுடைய கந்தோர் வேறு. இங்கே எழுதுவதை அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, யோகநாதன் எண்பத்தேழை வெட்டி எண்பத்துநாலு என்று எழுதினார். இராசரத்தினம் கையெழுத்து வைத்து, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார்.

அன்றிரவு சாப்பாட்டில் நாகேஸ்வரி மறுபடி தொடங்கினாள். "நான் சொல்ல வந்தது என்னெண்டால்..."

"நாகேஸ், நீர் பேசாமல் இரும். எல்லாம் நடக்குது."

"என்ன நடக்குது?"

"எல்லாம்."

அவள் பத்மாவதிக்குக் கொண்டுபோகச் சரக்கு இடிக்கப் போய்விட்டாள். பத்து நாளாக வீடு முழுக்க மிளகும் மல்லியும் மணத்தன. மூலையில் பிள்ளைச் சட்டைகள் ஒரு டசின் தைத்து அடுக்கியிருந்தாள். ஐந்து வருடமாக மகளைக் காணாதவள். யோகநாதன் அந்தச் சட்டைகளில் ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் விரித்து அளந்து பார்த்தார்.

விண்ணப்பத்தை வாங்கிய ஹியூபேட், "உத்தியோகம்" என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"கவண்மெண்ட் சேவண்ட்டா? அப்ப உங்கட டிப்பாட்மெண்ட் சம்மதிக்கோணும். கவலைப்படாதேங்கோ, நீங்கள் அலையத் தேவையில்லை. போமை நாங்களே உங்கட துரைக்கு அனுப்புறம்."

"நான் அலையிறன்!" என்றார் யோகநாதன். "எனக்கு அலையிறது நல்ல விருப்பம்!"

ஹியூபேட் அதற்குள் விண்ணப்பத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் துரை கூப்பிட்டார். நல்ல மனிதர். எதிரில் உட்காரச் சொன்னார். மேசையில் ஒரு பக்கம் அந்த விண்ணப்பம். மறுபக்கம் அவருடைய சேவைப் புத்தகம்.

"யோகநாதன், இதன்படி உமக்கு ஓய்வு வயதான ஐம்பத்தைந்து முடிந்து இரண்டு மாதமாகிறது. மார்ச்சிலேயே உமக்கு மாலை போட்டு அனுப்பியிருக்க வேண்டும்."

யோகநாதன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

துரை எழுந்து யன்னலருகே போய், கடலைப் பார்த்தபடி பேசினார். "பயணம் வேண்டாம் என்று இந்தக் கடுதாசியை நீர் எடுத்துக்கொண்டு போனால், நான் இதைக் காணவில்லை. இன்னும் மூன்று வருடம் உம்முடைய கதிரை உமக்குத்தான். பயணம் வேண்டுமென்றால் நான் இதில் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால், மாத முடிவோடு ஓய்வு."

முப்பத்துமூன்று வருடத்துக் கதிரை. அவர் உள்ளே வந்தால் பதினெட்டுக் கிளாக்கர்மார் எழும்பி நிற்பார்கள். கை தானாகவே விண்ணப்பத்தை நோக்கி நீண்டது. பாதி வழியில் அந்தப் பிள்ளைச் சட்டைகள் கண்ணுக்குள் வந்தன. தான் போகாவிட்டால் அவளும் போக முடியாது. ஒரு டசின் சட்டையையும் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, வாய் திறந்து ஒரு வார்த்தையும் கேட்காமல் சோறு போடுவாள். அதுதான் பெரிய கொடுமை.

கையை எடுத்தார்.

"கையெழுத்து வையுங்கள், சேர்."

மே 25ஆம் திகதி பின்னேரம் பாஸ்போர்ட்டை எடுக்கப் போனபோது அவர் நடையிலேயே ஒரு மிடுக்கு இருந்தது. வேலை போன சங்கதியை நாகேஸ்வரிக்கு இன்னும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை அவள் கையில் வைத்துவிட்டுத்தான், உமக்காக இதையும் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அவள் அழுவாள். தானும் கொஞ்சம் அழலாம்.

ஹியூபேட் லீவு. மேபல் என்ற டைப்பிஸ்ட் பெண் சிரித்த முகத்தோடு புத்தம்புதிய பாஸ்போர்ட்டை நீட்டினாள். திறந்து பார்த்தார். 1944 வரை செல்லும். அவர் படம் இருந்தது. பக்கத்துக் கட்டம் வெறுமையாக இருந்தது.

"பிள்ளை, இதிலை மனிசியின்ரை பேரும் படமும் விடுபட்டுப்போச்சு."

"விடுபடேல்லை, சேர். அம்மா போன மாசமே வந்து தனக்கெண்டு தனிப் பாஸ்போட் எடுத்துக்கொண்டு போட்டாவே. நான்தான் டைப் பண்ணிக் குடுத்தனான்."

"தனியாவோ? ஏன்?"

"கப்பலிலை ஒரு இடம்தானாம் பிடிச்சிருக்கு, சேர்," என்றாள் மேபல். "'அவருக்கு இன்னும் மூண்டு வருசம் சேவிஸ் கிடக்கு பிள்ளை, லீவு கேட்டு அதைக் குழப்பினால் அந்த மனிசன் உயிரை விட்டிடும்' எண்டு சொன்னவ."