வாட்ச்மேன் ஏறிய மாடிப்படி

இந்தத் தடவை சந்திரலேகாவிடம் தோற்பதில்லை என்று அவள் புருஷன் ராஜவேல் முடிவெடுத்துவிட்டான்.

'அலமேலு லாட்ஜ்' முதல் பாகத்தை இருவரும் ஒலிப்புத்தகமாகக் கேட்டபோது, கொலைகாரன் யாரென்று மூன்றாம் அத்தியாயத்திலேயே அவள் சொல்லிவிட்டாள். பந்தயப்படி ஒரு மாதம் பாத்திரம் துலக்கினான் இவன். இப்போது இரண்டாம் பாகம் வந்திருந்தது. பந்தயமும் பெரிதாகியிருந்தது. திருவாதிரைக்குக் கம்மாபுரத்திலிருந்து அவள் வீட்டு ஆட்கள் எட்டுப் பேர் சிதம்பரம் வருகிறார்கள். தோற்றவர் அத்தனை பேருக்கும் களி கிண்டி, ஏழு காய் போட்டுக் கூட்டும் வைக்க வேண்டும். ராஜவேலுக்குக் கிண்டல் வரும், கிண்ட வராது.

பாதிக் கதையை, பன்னிரண்டு அத்தியாயம், வீட்டில் ஸ்பீக்கரில் சேர்ந்து கேட்டாயிற்று. வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு சீட்டில் கொலைகாரன் பெயரை எழுதிக் கடுகு டப்பாவில் போடுவது, மீதியை ஞாயிறு மதியம் கேட்பது என்று ஏற்பாடு.

திங்கட்கிழமை காலை கடலூர் பஸ்ஸில் ஏறியதும், ராஜவேல் யாருக்கும் தெரியாமல் தன் போனிலும் கதையை வாங்கினான். ஆபீஸ் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஐந்து நாளில் முடித்துவிடலாம். போனுக்கு அவளுடைய பிறந்த நாள்தான் பாஸ்வேர்டு. ஒரு வருடம் அந்த நாளை மறந்து அவன் பட்ட பாடு அப்படி.

இரண்டாம் பாகம் சகிக்கவில்லை. வாசித்தவர் அதைவிட. கொலை விழுந்ததையும் நாளைக்குக் கரண்ட் இருக்காது என்பதையும் ஒரே குரலில் சொல்லக்கூடியவர். இன்ஸ்பெக்டருக்கும் அந்தக் குரல், விதவைக்கும் அந்தக் குரல், கூண்டுக் கிளிக்கும் அதே குரல். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் வாட்ச்மேன் அரிக்கேன் விளக்கோடு மாடிப்படி ஏறினான். படிக்கு ஒரு பழைய நினைவு. ஆலப்பாக்கம் வருவதற்குள் ராஜவேலுக்குக் கண் சொருகிவிட்டது. கடலூரில் விழித்துத்தான் போனை நிறுத்தினான்.

செவ்வாய்க்கிழமை போட்டால் வாட்ச்மேன் மறுபடியும் ஏறினான். புதன்கிழமையும் ஏறினான். எழுத்தாளருக்குச் சரக்கு தீர்ந்துபோயிற்று, ஆளை ஏற்றியே பக்கத்தை ஓட்டுகிறார் என்று ராஜவேல் உள்ளுக்குள் திட்டினான்.

வியாழன் சாயங்காலம் டீயை நீட்டிக்கொண்டே சந்திரலேகா கேட்டாள்.

"என்ன மாமா, மொகம் வாடியிருக்கு. பஸ்ல தூங்கலயா?"

"தூக்கம்தான் ஜாஸ்தி."

"பாட்டு கீட்டு கேட்டுக்கினு போலாம்ல."

"அதுக்கெல்லாம் எனக்கு ஏது நேரம்."

"பாவம்" என்று அவள் தன் தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்து அவனுக்கு வைத்தாள்.

வெள்ளிக்கிழமையும் வாட்ச்மேன் ஏறியபோது ராஜவேலுக்குப் பளிச்சென்று புரிந்தது. கதை எழுதுகிறவன் ஒருத்தனைச் சும்மாவா இத்தனை தடவை மேலே அனுப்புவான்? அன்றைக்கே 'வாட்ச்மேன்' என்று எழுதி, சீட்டை நாலாக மடித்துக் கடுகுக்குள் புதைத்தான். கூட்டுக்கு என்னென்ன காய் வாங்குவது என்று அவளுக்கு யோசனைகூடச் சொன்னான்.

ஞாயிறு மதியம் கதை ஓடியது. வாட்ச்மேன் ஏறினான். மேல்படியில் யாரோ கத்தியால் குத்த, செத்து விழுந்தான்.

ராஜவேல் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இவன் எப்புடி சாவான்?"

"ஏன் மாமா, சாவக் கூடாதா?"

"இன்னும் நாலு தடவ ஏறணுமே."

சந்திரலேகா கதையை நிறுத்தினாள். "யாரு சொன்னா?"

ராஜவேல் ஃபேனைப் பார்த்தான். மார்கழிக் குளிருக்கு அது ஓடவில்லை. இவனுக்கு வேர்த்தது.

"அஞ்சு தடவ ஏறினானே" என்றான், வாய் தவறி, நியாயம் கேட்கிற குரலில்.

"அவன் ஏறுனது ஒரு தடவதான் மாமா. தெனம் நீங்க குளிக்கப் போனதும் ஒங்க போன எடுத்து நான்தான் அவன கீழ எறக்கி வுட்டேன். வெல்லம் ஃப்ரிட்ஜ் மேல இருக்கு."