கீரி வெப்சைட் போட்ட கதை

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தான். பெயர் வீரணன். பாம்பு விரட்டுவது தொழில். தொழிலில் கெட்டிக்காரன், யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. புத்தி கெட்டதெல்லாம் பிற்பாடுதான்.

அந்தக் காட்டில் எல்லோரிடமும் போன் உண்டு. ஆனால் ஒருத்தரும் ஒரு நம்பரையும் அதில் பதிந்து வைக்க மாட்டார்கள். தண்ணீர்த்துறைக்குப் பக்கத்தில் பெரிய பாறை ஒன்று இருந்தது. பொந்து குடைகிற மரங்கொத்தி, கறையான் எடுக்கிற எறும்புதின்னி, பல் பிடுங்குகிற குரங்கு என்று தொழில் செய்கிற அத்தனை பேரும் சுண்ணாம்பால் தங்கள் நம்பரை அதில் எழுதி வைத்திருப்பார்கள். ஆத்திர அவசரமென்றால் பாறைக்கு ஓடிப் போய்ப் பார்த்து அழுத்த வேண்டியது, ஆள் வந்துவிடும். பிறகு எதற்கு மெனக்கெட்டுப் பதிந்து வைப்பது? வீரணன் எழுதியிருந்தது இரண்டே வரி. முதல் வரி, 'பாம்பா? வீரணனைக் கூப்பிடு.' இரண்டாவது வரி நம்பர், கிழட்டு ஆமைக்கும் தெரிகிற மாதிரி கொட்டை எழுத்தில்.

ஒச்சம்மா என்று ஒரு முயல் அங்கே புதிதாகக் குடிவந்திருந்தாள். வேறு காட்டில் முதல் ஈற்றுக் குட்டிகள் அத்தனையையும் ஒரு பாம்புக்குப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். வீரணனின் வளைக்குப் பக்கத்துப் புதரிலேயே வளை தோண்டி, இந்தத் தடவை இரண்டு குட்டி போட்டிருந்தாள்.

"அண்ணே, நீங்க பக்கத்துல இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் இங்க வந்து ஒண்டியிருக்கேன்" என்றாள்.

"நீ நிம்மதியாத் தூங்கு தாயி. ஒரு போன் போடு. மறுநிமிசம் உன் வாசல்ல நிப்பேன்" என்றான் வீரணன்.

மனதாரத்தான் சொன்னான். அதில் சந்தேகமில்லை.

வினை பக்கத்து மலையில் இருந்து வந்தது. அங்கே ஒரு மயில், அதற்கும் பாம்பு விரட்டுகிற தொழில். அந்த மயில் தன் தொழிலுக்கு ஒரு வெப்சைட் போட்டது. திறந்தால் திரை முழுக்கத் தோகை விரியும், மேகம் நகரும், பின்னால் புல்லாங்குழல் கேட்கும். வீரணன் அதைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு முட்டை தொண்டையில் இறங்கவில்லை. பாறையில் இருந்த தன் இரண்டு வரியைப் பார்க்க அவனுக்கே கேவலமாக இருந்தது. தோகை விரித்த பிறகு மயிலைக் கூப்பிடுகிறவர்கள் கூடியிருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை விசாரித்தானா? விசாரித்திருந்தால் ஒருத்தரும் கூடவில்லை என்பது தெரிந்திருக்கும். பொறாமைக்காரனுக்கு விசாரிக்கப் பொறுமை ஏது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தர்ஷினி என்கிற மைனா காட்டுக்கு வந்து சேர்ந்தாள். நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ஏசி பெட்டிமேல் ரொம்ப காலம் கூடு கட்டியிருந்தவள். ஜன்னல் வழியாகக் காதில் விழுந்ததெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அர்த்தம் தெரியுமா என்றெல்லாம் மைனாவிடம் கேட்கக் கூடாது. "ஐடியில இருந்தேன்" என்பாள். பொய்யென்றும் சொல்ல முடியாது, ஐடிக்கு அரை அடி வெளியேதான் இருந்தாள்.

வீரணன் அவளைக் கூப்பிட்டு, மயிலுக்கு மேலே ஒன்று வேண்டும் என்றான்.

"செஞ்சிரலாம்ணா. முதல்ல அந்தப் பாறையில இருக்கிறத அழிங்க. பார்க்கச் சகிக்கல" என்றாள் தர்ஷினி.

"அத அழிச்சா எப்படிம்மா..."

"மயில் பாறையில எழுதியிருக்கா?"

மயில் எழுதியிருக்கவில்லை. வீரணன் வாலைத் தண்ணீரில் நனைத்துத் தன் நம்பரைத் தானே தேய்த்து அழித்தான். அந்த இடத்தில் வெப்சைட் விலாசத்தை மட்டும் கடுகளவு எழுத்தில், பாறை நிறத்திலேயே, எழுதச் சொன்னாள் தர்ஷினி. இப்போது உலகம் முழுக்க எழுத்து அப்படித்தான் இருக்கிறதாம். சட்டென்று படிக்க முடிந்தால் தரம் குறைவாம்.

"அடுத்து, பாம்புங்கிற வார்த்தை எங்கயும் வரக் கூடாதுண்ணா."

"நான் விரட்டுறதே பாம்பைத்தானேம்மா?"

"அது நெகட்டிவ். பார்க்கிறவங்களுக்குப் பயம் வரும். 'நெளிவான சவால்களுக்கு நிம்மதியான தீர்வுகள்'. இப்படிப் போடலாம்."

வீரணன் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். ஒரு எழவும் புரியவில்லை. தனக்கே புரியவில்லையென்றால் ரொம்பப் பெரிய விஷயமாகத்தான் இருக்கும் என்று தலையை ஆட்டினான். தொழில் செய்கிறவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தலையை ஆட்டுகிறார்கள்.

வெப்சைட் தயாரானது. அந்தக் கண்றாவியைச் சொல்கிறேன். திறந்ததும் இருட்டு. இருட்டுக்குள் ஒரு வட்டம் தன்பாட்டுக்குச் சுற்றும். அது சுற்றி ஓய்ந்ததும் குக்கீக்குச் சம்மதமா என்று கேட்கும். சம்மதித்தால் மலை உச்சியில் பனி நகரும், நடுவில் 'அமைதி' என்று ஒரே ஒரு சொல் வரும். கீழே தள்ளினால் ஒரு மான் குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். அப்படி ஒரு மான் குடும்பம் அந்தக் காட்டிலேயே கிடையாது. இன்னும் தள்ளினால் இடப்பக்கம் இருந்தும் வலப்பக்கம் இருந்தும் எழுத்துகள் பறந்து வரும், படிப்பதற்குள் கரைந்து போகும். மூலையில் மூன்று கோடு. அதை யாராவது கண்டுபிடித்துத் தொட்டால் 'எங்கள் பயணம்', 'எங்கள் கனவு', 'எங்கள் விழுமியங்கள்' என்று ஒவ்வொன்றாக இறங்கும். வீரணனின் முகம் மட்டும் எங்கேயும் இல்லை. முகம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறதென்று தர்ஷினி எடுத்துவிட்டாள். அதற்குப் பதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு வளைந்த கோடு. அந்தக் கோடு பார்க்கப் பாம்பு மாதிரியே இருந்தது.

"எல்லாம் சரிம்மா. நம்பர் எங்க?" என்றான் வீரணன்.

"நம்பரா? இப்ப யாருண்ணா நம்பர் போடுறாங்க? டிசைனே கெட்டுப் போயிரும்."

"அப்ப எப்படிக் கூப்பிடுவாங்க?"

"எடுத்த எடுப்புல எதுக்குக் கூப்பிடணும்? முதல்ல நம்மகூட ஒரு பயணம் வரட்டும். கடைசியில ஒரு ஃபார்ம் வரும், நிரப்புவாங்க. நடுவுல சந்தேகம்னா பேசுறதுக்கு, தானாவே பதில் சொல்ற ஒரு பாட் வச்சிருக்கேன்."

வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை நேரலையாகப் பார்க்க வேண்டும், கீழே டவர் நொண்டுகிறது, அதனால் மலை உச்சிக்குக் குடிபோக வேண்டும் என்றும் சொன்னாள். வீரணன் மூட்டையைக் கட்டினான். ஒச்சம்மா குட்டிகளை வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள்.

"போறீங்களாண்ணே?"

"எங்க போனா என்ன தாயி? வெப்சைட் இருக்குல்ல. உலகத்துல எந்த மூலையிலிருந்தும் என்னைப் பிடிக்கலாம்."

படித்த மைனா பக்கத்தில் நிற்கிறாளே என்று அவளும் தலையை ஆட்டிவைத்தாள்.

உச்சியில் வீரணனுக்கு ஒரு வேலையும் இல்லை. போன் அடிக்கவே இல்லை. பாம்புகள் காட்டை விட்டே போய்விட்டன போலிருக்கிறது என்று நினைத்தான். தர்ஷினி கொண்டுவந்து வைத்த திரையில் யாராவது வெப்சைட்டுக்குள் வந்தால் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அவர்கள் எந்தப் பக்கத்துக்குப் போகிறார்களோ அந்தப் பக்கத்துக்குப் புள்ளியும் போகும். வீரணன் சாப்பாட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போனே வரலையேம்மா" என்று ஒருநாள் இழுத்தான்.

"போனை விடுங்கண்ணா. முன்னெல்லாம் என்ன பண்ணாங்க? பாறையைப் பார்த்தாங்க, நம்பரை அழுத்தினாங்க, போயிட்டாங்க. ஒரு ஒட்டுதலே இல்ல. இப்ப பாருங்க, வந்தவங்க எவ்வளவு நேரம் நம்மகூட இருக்காங்கன்னு."

உண்மைதான், வந்த புள்ளிகள் நெடுநேரம் இருந்தன. வீரணனுக்கு மனது குளிர்ந்தது. மயிலிடம் யார் இவ்வளவு நேரம் இருக்கப் போகிறார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் ஒரு பச்சைப் புள்ளி வந்தது. 'அமைதி'யில் நின்றது. விருட்டென்று கீழே இறங்கியது, மான் குடும்பத்தைத் தாண்டியது, திரும்ப மேலே ஏறியது. மூன்று கோட்டைக் கண்டுபிடித்து உள்ளே போனது. 'எங்கள் பயணம்' முழுக்க இறங்கியது, 'எங்கள் கனவு' முழுக்க இறங்கியது. எதிலும் நிற்காமல் திரும்பத் திரும்பச் சுற்றியது.

வீரணனுக்கு எங்கேயோ உறுத்தியது. வளைக்குள் இருந்து தப்பிக்க வழி தெரியாமல் ஓடுகிற பிராணிகளை அவன் நிறையப் பார்த்திருக்கிறான்.

"ஏம்மா, இது எதையோ தேடுற மாதிரி இருக்கே?"

"தேடலண்ணா, ரசிக்கிறாங்க. விட்டுப் போக மனசில்லாம சுத்துறாங்க. இதுக்குப் பேர்தான் ஈடுபாடு."

"யாரா இருக்கும்?"

"யாரா இருந்தா என்ன? பாருங்க, பாட்கூடப் பேச ஆரம்பிச்சுட்டாங்க."

வீரணன் திரைக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான். போய்விடாதே, இரு, இரு என்று அந்தப் புள்ளியைக் கெஞ்சினான். அதுவும் இருந்தது. அவன் வேண்டிக்கொண்டதற்கு மேலேயே இருந்தது. பிறகு பட்டென்று அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒச்சம்மா மலையேறி வந்தாள். காது கிழிந்து ரத்தம் வழிந்தது. வாயில் ஒரு குட்டியைக் கவ்வியிருந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். இன்னொரு குட்டி எங்கே என்று வீரணன் கேட்கவில்லை.

"வளை வாசல்ல நல்லபாம்பு வந்து படுத்துருச்சுண்ணே. குட்டிக ரெண்டும் உள்ள. நான் பாறைக்கு ஓடினேன். நம்பரைக் காணோம். கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அந்த விலாசத்தைப் படிச்சு, போன்ல போட்டுக்கிட்டே வளைக்குத் திரும்பி ஓடினேன். முதல்ல ஒண்ணு சுத்துச்சு. அப்புறம் மானு சிரிச்சுச்சு. பாம்பு பாம்புன்னு எழுதி எழுதித் தேடினேன், அப்படி ஒண்ணும் இல்லைன்னுருச்சு. அந்த பாட்கிட்ட என் பிள்ளைகளக் காப்பாத்துன்னு கேட்டேன். 'உங்களைப் புரிந்துகொள்ள விரும்புகிறோம், உங்கள் கனவு என்ன'ன்னு கேட்டுச்சு. நான் என்னண்ணே சொல்வேன்? அதுக்குள்ள பாம்பு உள்ள போயிருச்சு. போனைப் போட்டுட்டு நானும் உள்ள பாஞ்சேன். ஒண்ணத்தான் இழுக்க முடிஞ்சது."

வீரணன் அதற்கு மேல் நிற்கவில்லை. நாலுகால் பாய்ச்சலில் கீழே ஓடினான். நல்லபாம்பு வயிறு புடைக்க, அசைய முடியாமல், பக்கத்துப் புற்றுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. தலை மட்டும் வெளியே இருந்தது.

"அடடே வீரணனா. நீ இன்னுமா தொழில்ல இருக்க?" என்றது பாம்பு. "உன் வெப்சைட்டைப் பார்த்தேன். பாம்புன்னு ஒரு வார்த்தை இல்ல. உன் மூஞ்சியும் இல்ல. ஒரு வட்டம், அதுக்குள்ள எங்க ஆள் ஒருத்தன். நீ தொழிலை மாத்திட்டேன்னு நினைச்சுத்தான் சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு இந்தக் காட்டுக்கே வந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல டிசைன்."

சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

வீரணனுக்கு அழுகை வந்தது. நேராகப் போய்ச் சுண்ணாம்பு எடுத்தான். இப்போதே பாறையில் நம்பரை எழுதிவிட வேண்டும், அப்புறம் ஒச்சம்மா காலில் விழ வேண்டும் என்று நினைத்தான். கதை இந்த இடத்தில் முடிந்திருந்தால் நமக்கும் நல்ல பெயர், கீரிக்கும் நல்ல பெயர். என்ன செய்வது, பாறைக்குப் பக்கத்தில் தர்ஷினி ஒரு கூட்டத்தோடு காத்திருந்தாள். அவள் கையில் மாலை இருந்தது.

"அண்ணா, இந்த வருசத்துச் சிறந்த வெப்சைட் நம்மதுதான். அகில வன வடிவமைப்புச் சங்கம் கொடுக்குது. எந்தக் காட்டுலயும் ஒரு ஆள் இவ்வளவு நேரம் ஒரு சைட்ல இருந்ததே இல்லையாம். போதாக்குறைக்கு அந்த ஆளே அஞ்சு ஸ்டாரும் கொடுத்திருக்காங்க."

ஐந்து ஸ்டார் கொடுத்தது ஒச்சம்மாதான். குட்டியைப் பறிகொடுத்துவிட்டு மலையேறும் வழியில், எங்கேயாவது நம்பர் இருக்காதா என்று, கீழே போட்ட போனை எடுத்து வந்து மறுபடி திறந்திருக்கிறாள். 'உங்கள் அனுபவம் எப்படி இருந்தது' என்று திரை முழுக்க மறைத்துக்கொண்டு கேட்டிருக்கிறது. ஐந்தையும் அழுத்தினால்தான் அந்தச் சனியன் நகரும்.

"அந்தப் புள்ளி யாருன்னு தெரியுமாம்மா?" என்றான் வீரணன்.

"தெரியும்ணா. வருத்தம்தான். மயிலும் வந்திருக்கு, பாருங்க."

மயில் வந்திருந்தது. தோகையைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. தன் வெப்சைட்டில் கீழே ஒரு மூலையில் மறந்துபோய் நம்பர் போட்டிருந்ததால் மார்க் குறைந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்த குரங்கிடம் புலம்பிக்கொண்டிருந்தது. வீரணன் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தான். எத்தனை நாள் ஏங்கிய காட்சி அது. பார்க்கப் பார்க்க அவன் அழுகை நின்றுவிட்டது. சுண்ணாம்பைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தை நீட்டினான்.

மறுநாள் விழா. அதற்குள் மரங்கொத்தி, எறும்புதின்னி, பல் பிடுங்குகிற குரங்கு எல்லோரும் பாறையில் இருந்த தங்கள் நம்பரை அழித்துவிட்டு தர்ஷினியின் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். ஒச்சம்மா மிச்சமிருந்த ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு விடிவதற்குள்ளேயே காட்டை விட்டுப் போய்விட்டாள். போவதை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் பந்தல் போடுகிற வேலையில் இருந்தார்கள். முதல் வரிசை முழுக்கப் பாம்புகள் உட்கார்ந்து கைதட்ட முடியாத குறைக்கு வாலைத் தட்டின.

வீரணன் மேடையேறித் தொண்டையைச் செருமினான். "எங்களுடைய ஒரு வாடிக்கையாளர், தன் வீட்டில் அவ்வளவு பெரிய நெளிவான சவால் இருந்தும்கூட, கடைசி நிமிடம் வரைக்கும் எங்கள் வெப்சைட்டை விட்டுப் போகவில்லை" என்றான். சொல்லும்போது அவனுக்கே நெஞ்சு அடைத்தது.

நீதி: ஆபத்தில் வருகிறவருக்கு நம்பரைக் கொடுத்தால் ஒரு நொடியில் போய்விடுவார், கொடுக்காமல் இருந்தால் உயிர் போகும்வரை நம்மோடு இருப்பார்.