பார்வையாளருக்காகப் பூட்டி வச்ச கக்கூஸ்

போன மாசம் ஒரு நாள் அம்மா எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணுதான். எர்ணாவூர் பால்வாடியிலேர்ந்து நாலு வயசு தம்பி முகிலைக் கூட்டிட்டு வரணும்.

போனா, வாசல் முழுக்க பலூன். பசங்க கையைக் கட்டிக்கினு உக்காந்திருக்குதுங்க. பால்வாடிக்கு உதவி பண்ற வெளிநாட்டு அமைப்புலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்களாம். கார் கன்டெய்னர் லாரிங்க நடுவுல மாட்டிக்கிச்சாம். அவங்க வர்ற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாதாம்.

"அக்கா, ஒண்ணுக்கு"ன்னான் முகில். மூஞ்சே சரியில்ல.

அந்த அமைப்பு கட்டிக் குடுத்த கக்கூஸ் பக்கத்துலயே கீது. ரோஸ் டைல்ஸ், சுவத்துல முயல், பசங்க சைஸுக்குக் குட்டிக் கோப்பை. கதவுல பூட்டு. திறப்பு விழா முடிஞ்ச அன்னிக்கே போட்டது.

சூப்பர்வைசர் மேடத்தைக் கேட்டேன்.

"பசங்க போனா அழுக்காயிடும்மா. அவங்க பார்த்துட்டுப் போகட்டும். புரியுதா?"

பசங்க எப்பவும் போறது பின்னாடி முள்ளுச்செடிக்கு. இன்னிக்கு அதுவும் கூடாது, கார் அந்த வழியாத்தான் வருதாம்.

மேடம் மாலையோட தெருமுனைக்குப் போனாங்க. நமக்குத்தான் தொண்டையில ஊரே குடியிருக்கே, யார் குரலும் வரும். சாவி வச்சிருக்கிற ஆயாம்மா சமையக்கட்டுல. ஜன்னலுக்குக் கீழ குந்திக்கினு மேடம் மாதிரியே மூக்கால பேசினேன்: "ஆயாம்மா, கக்கூஸைத் தொறந்து பசங்களை அனுப்புங்க. புரியுதா?"

"காலையில ஒண்ணு சொல்லுது, இப்ப ஒண்ணு சொல்லுது. ஒரே பேஜாரு இந்தம்மாவோட." முனகிக்கினே ஆயாம்மா சாவியோட போச்சு.

என் மூளை அதோட முடிஞ்சுது. முயலைப் பார்க்க மொத்தப் பசங்களும் ஓடுச்சுங்க. உள்ள போனவன் டைல்ஸைத் தடவிக்கினு வெளியவே வரல. யாருக்காக இந்த வேலை பண்ணேனோ, அவன் வரிசையில கடைசி.

"வரிசை நகருதுடா."

"எனக்கு வந்துடும்போலக் கீதுக்கா."

கார் வந்துடுச்சு. வெள்ளைக்காரம்மா வரிசையைப் பார்த்து உருகிட்டாங்க. மேடம் என்னை முறைச்சுக்கினே அவங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க. "டெய்லி இப்படித்தான் மேடம். டிசிப்ளின்."

குழந்தைங்க கிட்டப் பேசும்போது அதுங்க உசரத்துக்குக் குனியணும்னு அந்தம்மா படிச்சிருக்காங்கபோல. முகில் முன்னாடி முட்டி போட்டு, அவனைக் கிட்ட இழுத்து, மனப்பாடம் பண்ணிக்கினு வந்த தமிழ்ல கேட்டாங்க.

"உனக்கு என்ன வேணும், கண்ணா?"

முகில் கண்ணை இறுக்க மூடினான். அந்தம்மா மடி நனைஞ்சுது.

மேடம் ஆயாம்மாவைத் திட்ட, ஆயாம்மா யோசிச்சு என்னைப் பார்க்க, நான் தம்பியைத் தூக்கிக்கினு ஓட, ஆயாம்மாவோட கரண்டி எங்க பின்னாடியே பறந்து வந்துச்சு.

போன வாரம் அந்த அமைப்போட அறிக்கை வந்துச்சாம். பால்வாடி டீச்சர் ஒரு வரியை எனக்குப் படிச்சுக் காட்டினாங்க: "இங்குள்ள குழந்தைகள் தங்கள் தேவையைத் தயக்கமின்றி வெளிப்படுத்துகிறார்கள்."