மணிவேல் சார் கண்டுபிடித்த ஆவாரம்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களுக்குக் குரங்கிடமிருந்து வாழைப்பழத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியும். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசத் தெரியும். கிரிவலப் பாதையில் விடியற்காலையில் நடமாடும் இன்னொரு இனத்தைப் பற்றி மட்டும் யாரும் அவர்களை எச்சரிப்பதில்லை. செடிப்பெயர்சொல்லி என்பது அந்த இனத்தின் பெயர். தலையில் துணித் தொப்பி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடி, கையில் போன், முகத்தில் இந்த மலையிலுள்ள செடிகொடி எல்லாம் தன்னிடம் அனுமதி வாங்கித்தான் பூக்கின்றன என்பது போன்ற ஒரு களை. வேலியோரப் பூ ஒன்றைப் பார்த்து நீங்கள் "அட, அழகா இருக்கே" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். தொலைந்தீர்கள். எங்கிருந்தோ வந்து நிற்கும். "இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்கும். தெரியும் என்றால் அதற்குக் கோபம் வரும். தெரியாது என்றால் உங்களுக்கு அரை மணி நேரம் போகும்.

ஊரையொட்டிய வேங்கிக்காலில் புதிதாக எழும்பிய நகர் ஒன்றில் குடியிருக்கும் மணிவேல் இந்த இனத்தில் நன்றாகக் கொழுத்த ஒன்று. முப்பத்து மூன்று வருஷம் ஓர் ஆபீசில் அடுத்தவர் எழுதிய கோப்புகளில் தப்புக் கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாள் திருத்துவதற்கு வேறு எதுவும் கிடைக்காமல் வீட்டு மளிகைச் சீட்டைத் திருத்தினார். மகள் ஒரு போன் வாங்கிக் கொடுத்தாள். செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் ஆப் ஒன்று அதில் இருந்தது. அன்று முதல் ஊரே அவருக்குக் கோப்பாகிவிட்டது. நீங்கள் செம்பருத்தி என்றால் அவர் லத்தீனில் ஒன்று சொல்வார். மனைவி தங்கம்மாள் கோயில் வாசலில் கதம்பம் வாங்கினால், பூக்காரம்மா முழம் போடப் போட இவர் ஒவ்வொரு பூவுக்கும் குடும்பம், இனம், பிறந்த கண்டம் எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கும் பெங்களூர்க்காரர்கள் "சார், சார்" என்று அதையெல்லாம் எழுதிக்கொள்வார்கள். அவருக்கு உள்ளூர ஜில்லென்று இருக்கும்.

அவர் வீட்டுத் தொட்டியில் இருந்த துளசி மட்டும் தண்ணீர் இல்லாமல் செத்துப்போனது. அதன் பெயர்தான் அவருக்குத் தெரியுமே, தண்ணீர் வேறு எதற்கு?

அந்த நகரின் மூலையில் பூங்காவுக்கென்று விட்ட காலி இடம் ஒன்று உண்டு. பூங்கா வரவில்லை. பதினைந்து இருபது புதர்கள் வந்தன. இடுப்பளவு உயரம், புளிய இலை போல ஜோடி ஜோடியாக இலை, காம்படியில் சின்னக் காது வைத்தாற்போல ஓர் இலைத்துணுக்கு, நுனியில் கொத்துக்கொத்தாக மஞ்சள் பூ. ஆடுகூட வாய்வைக்காத செடி என்பதால் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. இந்த மாவட்டத்தில் பேச்சு வந்த குழந்தை எதுவும் அதை ஆவாரம் என்று சொல்லிவிடும். மணிவேலும் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் பேச்சு வந்த குழந்தைதான். இதன் தழையைத் தலையில் வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் மாடு மேய்த்தவர்தான். அதெல்லாம் போன் வருவதற்கு முன்பு.

மார்கழி கடைசியில் ஒரு காலை, அவர் புதர் முன் குனிந்து ஒரு படம் எடுத்தார். பாதிப் படத்தில் பூ, மீதிப் பாதியில் அவருடைய கட்டைவிரல். போன் சற்று யோசித்து, வெளிநாட்டிலிருந்து வந்து நம் காடுகளைத் தின்கிற மஞ்சள் பூ மரம் ஒன்றின் பெயரைச் சொன்னது. முப்பத்தெட்டு சதவீதம் நிச்சயமாம். பள்ளிக்கூடத்தில் அந்த மார்க்கில்தான் மணிவேலும் தேறினார். ஆகவே சந்தேகம் எழவில்லை. விரலால் ஒரு தள்ளு தள்ளியிருந்தால் அடுத்த வரியிலேயே ஆவாரம் இருந்தது. தள்ளுவாரா? எதிரி கிடைத்த சந்தோஷத்தில் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று மாலையே நகர் வாட்ஸ்அப் குழுவில் அபாய அறிவிப்பு போட்டார். மறுநாள் காலை ஜேசிபி வந்து நின்றது.

அந்த நகருக்கே பால் ஊற்றும் பொன்னி, கேனைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"இன்னா சார் பண்றீங்க?"

"இது அந்நிய ஊடுருவல், பொன்னி. காடு காடா அழிச்சிட்டு வருது. பரவுறதுக்குள்ள எடுத்தாகணும்."

"இது ஆவாரம் சார். வருசா வருசம் மாட்டுப் பொங்கலுக்கு இதுலதான் பூ பறிக்கிறேன். உங்க வூட்டுக்கும் நான்தானே குடுக்கிறேன்?"

"ஆவாரம் மாதிரி இருக்கும். அதான் இதோட தந்திரமே. படிக்காதவங்க ஏமாந்துடுவாங்க."

"காயைப் பாருங்க சார், அப்பளமாட்டம் தட்டையா இருக்குது. இன்னும் நாலு நாள்தான் இருக்குது பொங்கலுக்கு. இதை வுட்டா இந்தப் பக்கம் வேற எங்கயும் இல்ல சார்."

முனையில் டீக்கடை வைத்திருக்கும் ஜானி பாஷாவும் வந்து சேர்ந்தார். "சார், எங்க தாத்தா இந்தப் பட்டையத்தான் மூட்டை மூட்டையா ராணிப்பேட்டையில தோல் பதனிடுற ஷாப்புக்கு அனுப்புவாரு. வாசனையிலயே சொல்லிடுவேன், ஆவாரம்தான்."

"வாசனைக்கு ஆதாரம் ஏது பாஷா?" என்றார் மணிவேல், போனைத் தூக்கிக் காட்டி. முப்பத்து மூன்று வருஷமும் அவர் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜேசிபி அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் வழித்துத் தள்ளியது. சாய்ந்த புதர் ஒன்றின் மேல் ஒரு காலை வைத்து மணிவேல் படம் எடுத்துக்கொண்டார். குழுவில் நாற்பத்திரண்டு கட்டைவிரல்கள் உயர்ந்தன. அதில் எத்தனை பேர் பொன்னியிடம் வருஷா வருஷம் அந்தப் பூவை வாங்கி வாசலில் செருகியவர்கள் என்று எண்ணிப் பார்த்தால் வயிறு எரியும்.

மாட்டுப் பொங்கலுக்கு முந்தின நாள் பொன்னி பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் வரை போய் வரப்பு வரப்பாகத் தேடினாள். ஒரு மடி பூ கிடைத்தது. பெரிய மாட்டின் கழுத்துக்கு ஒரு மாலை தேறியது. இளங்கன்று கழுத்தில் ஒன்றுமில்லாமல் நின்றது. முதல் பொங்கல் அதற்கு. அதன் நெற்றியில் மஞ்சள் குங்குமத்தை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாக அப்பிவிட்டு பொன்னி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த இடத்தைக் கேலியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மணிவேல் வீட்டிலும் பூ இல்லை. "நாப்பது வருசமா இந்தப் பூவை வாசப்படியில வெக்கிறேன். உங்க போன் வந்து எத்தினி நாள் ஆச்சு?" என்றாள் தங்கம்மாள். அவர் மார்க்கெட்டுக்குப் போய்ச் செண்டுமல்லி வாங்கி வந்தார். பூர்வீகம் பார்த்தால் அது அசல் மெக்சிகோக்காரி. அன்றைக்கு மட்டும் போன் சட்டைப் பையைவிட்டு வெளியே வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் அவரை மன்னித்திருக்கலாம். ஆனால் ஆவாரம் வேர் ஜேசிபிக்கு அசைகிற வேர் இல்லை. ஆடி மழை இரண்டு பெய்ததும் வழித்த இடத்தில் பச்சைப் பச்சையாகத் துளிர் கிளம்பியது. கார்த்திகையில் மொட்டு. மணிவேல் இம்முறை கட்டைவிரலை ஒதுக்கிவைத்துப் படம் எடுத்தார். ஆவாரம், தொண்ணூற்றாறு சதவீதம் என்றது போன்.

வெட்கப்பட்டார் என்று நினைக்கிறீர்களா? "பார்த்தீர்களா, அந்நியச் செடியை அகற்றியதும் நம் நாட்டுச் செடி தானாகத் திரும்பி வந்துவிட்டது!" என்று குழுவில் எழுதினார். இந்த முறை எழுபது கட்டைவிரல். மார்கழியில் அந்த மூலையில் பச்சை நிறத்தில் போர்டு ஒன்று முளைத்தது. மேலே லத்தீன் பெயர், நடுவில் 'பாதுகாக்கப்பட்ட நாட்டுத் தாவரம், பூப் பறிக்காதீர்', கீழே 'மீட்டெடுத்தவர்: இரா. மணிவேல்'.

மாட்டுப் பொங்கல் காலையில் பொன்னி கூடையோடு வந்தாள். மணிவேல் அங்கே காவலுக்கு நின்றிருந்தார்.

"ஏம்மா, போர்டு கண்ணுக்குத் தெரியலையா? இது அரிய செடி. பறிக்கக் கூடாது. இது பேரு என்னன்னாவது தெரியுமா உனக்கு?"

பொன்னி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போர்டு போன மாசம் வந்துது சார். போன வருசம் இதோட பேரை உங்களுக்கு நான்தான் சொன்னேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கன்னுக்குப் பூ பறிக்கணும்."

கூடை நிறையப் பறித்துக்கொண்டு போனாள். மணிவேல் அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்ன யோசித்தார் என்கிறீர்கள்? போர்டில் எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதியிருக்கலாம் என்றுதான்.

நல்ல வேளை, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. இருக்கட்டும். போன வாரம் உங்கள் தெருமுனையில் ஏதோ ஒன்று பூத்திருந்ததே, அதன் பெயரை அங்கே தினமும் குப்பை கூட்டுகிற அம்மாவிடம் கேட்டீர்களா, போனிடம் கேட்டீர்களா? அந்த அம்மா சொன்ன பெயரைத் திருத்தாமல் வீடு வந்தீர்களா? சும்மா ஒரு தடவை கழுத்தைத் தடவிப் பாருங்கள். கறுப்புக் கயிறு ஏதாவது தட்டுப்படலாம்.