இடது பக்கமே இழுத்த விமானம்

வெங்கட்ரமணன் மொட்டைமாடியிலிருந்து விட்ட பொம்மை விமானம் எதிர்ப் பொட்டலை நோக்கித்தான் கிளம்பியது. பாதி வழியில் என்ன தோன்றியதோ, இடது பக்கம் சாய்ந்து திரும்பி, அடுத்த வீட்டு முருங்கை மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"சாமி! உங்க பிளேனு எங்க வீட்டுல எறங்கிருச்சு!"

குரல் கொடுத்தவர் முத்திருளன். பஸ் டிரைவராக இருந்தவர். இடுப்பு ஒடிந்தபின் வாசல் கட்டிலே கதி. பழைய கூட்டாளிகள் முதலில் வந்து பார்த்தார்கள். இப்போதெல்லாம் மேலூர் ரோட்டில் போகும்போது ஹார்ன் அடிப்பதோடு சரி.

வெங்கட்ரமணன் போனபோது, முத்திருளனின் மனைவி செல்லத்தாய் தொரட்டியால் விமானத்தை இறக்கியிருந்தாள். இறக்கையில் காகிதம் கிழிந்திருந்தது.

"ஏன் சாமி, நேரா விட்டா கோணலா வருது?" என்றார் முத்திருளன்.

கேட்டாரே ஒருவர்! வெங்கட்ரமணன் முகம் மலர்ந்துவிட்டது. விமானப்படைப் பட்டறையில் வேலை பார்த்தவர். மனைவி போனபின் ஒத்தக்கடைப் பக்கம் இந்தப் புதுக் காலனிக்குக் குடிவந்தார். பாதி வீடுகளுக்கு இன்னும் கதவே வைக்கவில்லை. தினமும் அவரோடு பேசுவது ரேடியோ ஒன்றுதான். அதுவும் அவரைப் பேச விடாது.

"ரப்பர் முறுக்கு அவிழறச்சே விசிறி வலது பக்கமா சுத்தறது. அதுக்கு எதிரா உடம்பு இடது பக்கம் புரளப் பார்க்கும். அதான் இழுக்கறது."

"பஸ்ஸுலயுந்தான் எஞ்சின் சுத்துது. பஸ்ஸு என்ன கவுந்துருதா?"

"பஸ் தரையைப் பிடிச்சுண்டிருக்கு. ஆகாசத்துல பிடிச்சுக்க என்ன இருக்கு? இந்தச் சுக்கான்தான்." வால்மேல் நிமிர்ந்து நின்ற தகட்டைத் தொட்டுக் காட்டினார். "இதை வலது பக்கம் துளி மடக்கினா, காத்து இதுல மோதி வாலை இடது பக்கம் தள்ளும். மூக்கு வலது பக்கம் வரும். ரெண்டும் சரிக்குச் சரி. நேரே போகும்."

"அம்புட்டுத்தானா! கிழிசலை நான் ஒட்டி வைக்கிறேன். சாயங்காலமா வந்து வாங்கிக்கங்க."

மறுநாள் சுக்கானைத் துளி மடக்கி விட்டார். விமானம் முன்னைவிடச் சீக்கிரமாக முருங்கைக்குப் போனது. இன்னும் மடக்கினார், முத்திருளன் வீட்டுக் கோழிக்கூண்டில் விழுந்தது. ரப்பர் முறுக்கைக் குறைத்தார். முத்திருளன் மடியிலேயே விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கிழிசலை முத்திருளனே வாங்கி ஒட்டிக் கொடுத்தார்.

"இன்னைக்கு என்ன சாமி கோளாறு?"

"யானைமலைக் காத்தா இருக்குமோ?"

"இருக்கும், இருக்கும். காப்பியைக் குடிங்க. அந்தச் சுக்கான் கதையை இன்னொருக்காச் சொல்லுங்க."

சொல்லச் சொல்ல வெங்கட்ரமணனுக்கே தன் படிப்பின்மீது சந்தேகம் வந்தது. விளையாட்டல்ல இது. பக்கத்துக் கல்லூரி ஆசிரியர் கண்ணுச்சாமி சொல்லியிருந்தார்: "ஞாயித்துக்கிழமை மைதானத்துல பறக்க விட்டுக் காட்டுங்க சார். நேராப் பறந்துச்சுன்னா வாராவாரம் நீங்கதான் கிளாஸ் எடுக்கணும்." வாரத்தில் ஒரு நாளாவது தான் பேசுவதைக் கேட்க ஆட்கள் இருப்பார்கள். அதை எண்ணி, வேறு துணியேதும் இல்லாத கொடியில் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்.

சனிக்கிழமை கடைசி ஒத்திகை. சுக்கானைத் திறந்த கதவு மாதிரி வலது பக்கம் மடக்கி வைத்தார். உலகத்தில் எந்த விமானமும் அதற்குமேல் இடது பக்கம் திரும்ப நியாயமில்லை.

திரும்பியது. முருங்கையைச் சுற்றி வந்து, கட்டில்காலில் மோதி விசிறியை உடைத்துக்கொண்டது.

வெங்கட்ரமணன் மெல்லப் படியிறங்கி வந்தார். உட்காரவில்லை.

"நாளைக்கு நான் போகலை முத்திருளன். கத்துண்டதெல்லாம் மறந்துபோச்சு போலிருக்கு. இனிமே இதை விடப்போறதில்லை. நீங்களே வச்சுக்கோங்கோ. இத்தனை நாளாத் தொந்தரவு குடுத்துட்டேன்."

முத்திருளன் முகம் வெளுத்தது. "அதெல்லாம் இல்ல சாமி... சுக்கானு சரிதான்... நீங்க உக்காருங்க..." என்று தடுமாறினார்.

அடுப்படியிலிருந்து காப்பியோடு வந்த செல்லத்தாய் டம்ளரை நங்கென்று வைத்தாள். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் எம்புட்டுப் புளியங்கொட்டையத்தான் அந்த இடது ரெக்கைக்குள்ள வச்சு ஒட்டுவீக? பேச்சுத்தொணைக்கு ஆளு வேணும்னா, 'வாங்க சாமி'ன்னு வாயத் தொறந்து கூப்புட வேண்டியதுதானே!"