புள்ளியியல் வகுப்பில் ஒரு நாற்காலி

அன்பிற்குரிய மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே உன் அக்கா நலம், உன் மருமகள் நலம், கடை நலம். நான் மட்டும் நலமில்லை. என்ன நோய் என்று கேட்காதே. நீ சம்பளம் வாங்குகிற பல்கலைக்கழகம்தான் நோய். அங்கே தேர்வுப் பிரிவில் நீ கண்காணிப்பாளராக உட்கார்ந்திருப்பதால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். படித்து முடித்ததும் நேரே பதிவாளர் அறைக்குப் போய், ஓர் எழுத்து விடாமல் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். குரலைத் தாழ்த்த வேண்டாம்.

மகளுக்கு இது கடைசி ஆண்டு, இன்னும் பதியாமல் மிச்சமிருப்பது புள்ளியியல் என்கிற ஒரே பாடம், அதற்கு நாற்பதே இடம் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். இந்தப் பருவத்தை விட்டால் அடுத்த ஆண்டுதான் மறுபடி நடத்துவார்களாம். அவளுக்கென்று வேலையை ஒதுக்கி வைத்திருக்கிற நிறுவனம் அதுவரை காத்திருக்குமா? அவர்கள் என்ன நம் சொந்தக்காரர்களா? பதிவு காலை ஒன்பதரைக்குத் திறக்கும் என்றார்கள். அதே ஒன்பதரைக்கு ஆய்வக வகுப்பு, வராவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்று சொன்னதும் அதே ஆட்கள்தான். "வளாகத்துக்குள்ள இருக்கிற மெஷினெல்லாம் பறக்கும் அத்தான், நீங்களே போய் உட்காருங்க" என்று நீ போனில் சொன்னதை நம்பி, கடையை உன் அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். பறந்ததைச் சொல்கிறேன், கேள்.

கணினிக் கூடத்தில் அறுபது மெஷின். இருபத்திரண்டில் 'பழுது' என்று தாள் ஒட்டியிருந்தது. தாளே பழுத்து மஞ்சளாகிவிட்டது. மகள் ஒரு நல்ல மெஷினாகப் பார்த்து என்னை உட்கார வைத்து, அவள் பெயரில் எல்லாவற்றையும் திறந்து, பச்சையாக இருந்த பொத்தானைக் காட்டி, "ஒன்பதரை ஆனதும் இதை அமுக்குங்கப்பா" என்று இன்னும் என்னென்னவோ சொல்லிவிட்டு ஓடினாள். ஆனதும் அமுக்கினேன். ஒரு சின்ன வட்டம் வந்து சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, செக்கு மாடுகூட நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு விடும், இது விடவில்லை. கூடத்துப் பொறுப்பாளர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போய்ச் சொன்னேன்.

"தம்பி, இது சுத்திக்கிட்டே இருக்கு."

"சுத்தும் சார்."

"எப்ப நிக்கும்?"

"நின்னா எனக்கும் சொல்லுங்க சார்."

பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரர், அவரும் பெண்ணுக்காக வந்தவர். "புதுசா வர்றீங்களா? போன வருஷமும் நான் இதே நாற்காலிதான். எனக்குத் தலையணை உறை தச்சு முடிஞ்சுது, அது முடியல" என்றார். கையோடு ஊசி நூலும் கொண்டுவந்திருந்தார் மனிதர். அனுபவஸ்தர்.

நான் அப்படிக் கை கட்டி உட்காருகிற ஆளா? இருபத்தெட்டு வருடம் வியாபாரம் பார்த்தவன். மொத்தக் கடைக்காரன் ஷட்டரை இறக்கி வைத்துக்கொண்டு உள்ளே சும்மா இருந்தால், ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறவனுக்குச் சரக்குக் கிடைக்காது. விடாமல் தட்டுகிறவனுக்குத்தான் கிடைக்கும். அதனால் அந்தப் பச்சைப் பொத்தானை மறுபடி அமுக்கினேன். மறுபடியும். மொத்தம் பன்னிரண்டு தடவை, எண்ணித்தான் அமுக்கினேன். என் பக்கம் ஒரு குறையும் இருக்கக் கூடாது பார். பத்து இருபதுக்கு வட்டம் நின்றது. 'இடங்கள் நிரம்பிவிட்டன. நான்காம் கவுன்டரை அணுகவும்' என்று வந்தது. நம் கடையில் ஆயிரம் அளவில் திருகாணி இருக்கிறது. வந்தவர் அளவைச் சொல்லி வாயை மூடுவதற்குள் நான் எடுத்து மேசையில் வைத்துவிடுவேன். நாற்பது நாற்காலி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல இதற்கு ஐம்பது நிமிடம்.

நான்காம் கவுன்டரில் ஓர் அம்மா.

"ஆன்லைன்ல கொடுங்க."

"ஆன்லைன்தாம்மா உங்ககிட்ட அனுப்புச்சு."

"அப்ப சரியாத்தான் அனுப்பியிருக்கு."

"வந்துட்டேன். இப்ப என்ன செய்யணும்?"

"ஆன்லைன்ல கொடுங்க."

இப்படி ஓர் அலுவலகத்தை நடத்த எத்தனை பேர் ராத்தூக்கம் கெட்டு யோசித்தார்களோ தெரியாது. நான் கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன். அந்த அம்மா முத்திரைக் கட்டையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மகள் ஆய்வகத்திலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆகவே மச்சான், குற்றம் முழுக்க அந்த மெஷின்களுடையது, அவற்றை வாங்கிப் போட்டவர்களுடையது. என் மகளுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும். இல்லையென்றால் கடையிலிருந்தே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நானே வருவேன் என்று சொல்.

உனக்கும் தங்கச்சிக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல், பிள்ளைகள் எந்த வரிசையிலும் நிற்காமல் முன்னுக்கு வரட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். பாதியில் நிறுத்தி, "பன்னிரண்டு தடவையாப்பா?" என்றாள். அந்தப் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் வகுப்பில் சேர்க்குமாம், இன்னொரு தடவை அமுக்கினால் நீக்குமாம். அவள் பெயர் ஆறு தடவை உள்ளே போய் ஆறு தடவை வெளியே வந்திருக்கிறது. பதினொன்றோடு நிறுத்தியிருந்தால் இடம் நமக்கு. 'ஒரே ஒரு தடவை' என்று சொல்லிவிட்டுத்தான் போனாளாம், எனக்குக் கேட்கவில்லை. அந்தக் கூடத்து விசிறிகளும் பழசு.

ஆனால் அதற்குள் அவள் பேராசிரியரையே போய்ப் பார்த்திருக்கிறாள். "கம்ப்யூட்டர் கோளாறுன்னு எழுத்துல ஒரு புகார் பதிவாளர் மூலமா வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா, இன்னொரு நாற்காலி போட்டுக்கலாம்மா" என்றாராம். கோளாறு உண்மைதானே மச்சான்? அது உடனே பதில் சொல்லியிருந்தால் நான் ஏன் இரண்டாம் தடவை அமுக்கப் போகிறேன்?

அதனால் என் கையெழுத்துக்குக் கீழே கத்தரிக்கோலால் நேராக வெட்டி, மேல் பகுதியை மட்டும் அவரிடம் கொடு. வாசிக்க வேண்டாம், கொடுத்தால் போதும். நாற்காலியைத் தூக்கி வருகிற பேச்சையும் விட்டுவிடு. தடவைக் கணக்கு எழுதிய வரியின் மேல் கொஞ்சம் தேநீர் சிந்தியிருக்கும். கை தவறிவிட்டது.